பந்தைத் தேடிப் போகாத கால்

அன்புள்ள சார்,

கல்லூரி நாட்களில், பேஸ்பால் வகையைச் சேர்ந்த சாஃப்ட்பால் ஆடியதைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். கோத்தகிரி பக்கம் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். இந்த வருடம் பெண்களுக்கு சாஃப்ட்பால் ஆரம்பித்திருக்கிறோம். ஓடுவதிலும் எறிவதிலும் குறையே இல்லை. பேட்டைப் பிடித்தால்தான் சிக்கல். கையை மட்டும் வீசி அடிக்கிறார்கள். கால் நட்டுவைத்த மாதிரி நிற்கிறது, இல்லையென்றால் முன்கால் வெளியே ஓடிவிடுகிறது. பூச்சியை நசுக்குவதுபோலப் பின்காலைத் திருகு என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். அதைச் சொல்லிக்கொடுத்தேன். இப்போது காலைத் திருகிவிட்டு அப்புறம் அடிக்கிறார்கள்! என்ன செய்யட்டும்?

எம்., கோத்தகிரி

அன்புள்ள எம்.,

நான் ஆடிய ஆட்டத்தைப் பார்த்தவர்கள் யாரும் என்னிடம் இதைக் கேட்கமாட்டார்கள். ஆனால் பிறகு சில வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன், அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

‘திருகிவிட்டு அப்புறம் அடிக்கிறார்கள்’ என்று நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். பின்கால் தானாகத் திரும்பவேண்டும், யாரும் அதைத் திருப்பக்கூடாது. இடுப்பு திரும்பும்போது காலை இழுத்துக்கொண்டு போகும். நின்ற இடத்திலேயே பாதத்தைத் திருகினால் உடம்பின் கனம் பின்னாலேயே தங்கிவிடும். நன்றாக அடிக்கிற பெண்ணின் பின்காலைப் பாருங்கள். குதிகால் எழும்பியிருக்கும், ஷூ நுனி மண்ணைக் கீறிக்கொண்டு கொஞ்சம் முன்னால் வந்திருக்கும். பூச்சி பிழைத்துக்கொள்ளும்.

பேட்டை வாங்கி வைத்துவிட்டு, ஆளுக்கொரு வாளியில் கால்வாசி தண்ணீர் கொடுங்கள். பக்கவாட்டில் நின்று, பிட்சர், அதாவது பந்து எறிபவர், நிற்கும் திசையில் தூரமாக வீசச் சொல்லுங்கள். காலைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதீர்கள். கனம் முதலில் பின்காலுக்குப் போகும், முன்கால் ஒரு சின்ன அடி எடுத்து ஊன்றும், இடுப்பு திரும்பும், கை கடைசியில் வரும். ஸ்விங், அதாவது பேட்டை வீசுவது, என்பது இந்த வரிசைதான், வீட்டு வாசலில் தண்ணீர் வீசுகிற எல்லாப் பெண்களுக்கும் தெரிந்தது. ஊன்றிய முன்கால் தடுப்புக்கட்டை மாதிரி விறைத்து நிற்கவேண்டும். முட்டி குழைந்தால் தண்ணீர் பக்கத்திலேயே விழும், பாதி அவள் காலில். உங்கள் ஊர்க் குளிரில் அதற்குமேல் பாடம் தேவையில்லை. பத்துத் தடவை வீசியதும் உடனே கையில் பேட்டைக் கொடுத்துவிடுங்கள்.

முன்காலைத்தான் வாய்விட்டுச் சொல்லிக்கொடுக்கவேண்டும், ஏனென்றால் நம் பிள்ளைகள் டிவியில் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்கள். கிரிக்கெட்டில் கால் பந்தைத் தேடிப் போகும். பந்து எங்கே குத்துகிறதோ அதை ஒட்டிக் காலை வைத்து ஆடுவார்கள். சாஃப்ட்பாலில் பந்து குத்துவதே இல்லை. பெரியவர்களுக்கான மகளிர் ஆட்டத்தில் பிட்சர் 43 அடி தூரத்தில் நிற்கிறார். மணிக்கு 95 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் அரை வினாடிகூடக் கிடைக்காது. பந்து உள்ளே வருகிறதா, வெளியே போகிறதா என்று பார்த்துக் காலை வைக்க நேரம் ஏது? அதனால் எந்தப் பந்து வந்தாலும் முன்கால் ஒரே இடத்தில், பிட்சரை நோக்கி, மெதுவாக இறங்கவேண்டும். விரல் பக்கம் முதலில் தொடட்டும். இறங்கும்போது இடுப்பும் கையும் இன்னும் பின்னாலேயே காத்திருக்கவேண்டும். பந்தைப் பார்த்து முடிவெடுப்பது அதற்கு அப்புறம். அடிக்காமல் விடுகிற பந்துக்கும் இந்த அடியை எடுத்துவைக்கப் பழக்குங்கள். நான் இதைப் புரிந்துகொள்ள இரண்டு வருடம் ஆயிற்று.

வெளியே ஓடுகிற கால் வேறு கதை. அது பயம். பெயரில்தான் ‘சாஃப்ட்’, பந்து கிரிக்கெட் பந்தைவிடப் பெரியது, எடையும் கூடுதல். கால் ஓடாமலிருக்க நான் ஒருமுறை குதிகாலுக்குப் பின்னால் செங்கல் வைத்தேன். ஒரு பெண் கணுக்காலைப் பிசக்கிக்கொண்டாள், அவள் அம்மா என்னைக் கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது. சுண்ணாம்புக் கோடு போதும். பழைய சாக்ஸைச் சுருட்டிப் பந்தாக்கிப் போடுங்கள். 1887-இல் சிகாகோவில் இந்த ஆட்டம் பிறந்ததே பாக்ஸிங் கையுறையைக் கட்டிப் பந்தாக்கித்தான், அதனால் கௌரவக் குறைவில்லை. உடம்பின்மேல் வருகிற பந்துக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்ளவும் பழக்குங்கள். தப்பிக்கத் தெரிந்த பிள்ளைக்குக் கால் ஓடாது.

மைதானத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் உங்கள் பக்கம் மட்டமான இடம் கிடைப்பது அபூர்வம். முன்கால் பள்ளத்தில் இறங்குகிற மாதிரி நின்றால் உடம்பு தானாகவே முன்னால் பாய்ந்துவிடும், பிள்ளையைத் திட்டிப் பயனில்லை. அடிப்பவர் பக்கத்தில் நிற்கிற ஹோம் பிளேட் தகட்டை எதிர்ப்பக்கம் மாற்றிப் போட்டு, பிட்சரை மேட்டுப் பக்கம் நிறுத்துங்கள். மழைக்குப் பிறகு பின்கால் நிற்கிற இடம் குழியாகிவிடும், மண் போட்டு மிதித்துவிட்டு ஆரம்பியுங்கள். மூடுபனி இறங்கினால் பந்து வேண்டாம், வராந்தாவில் வெறும் ஸ்விங் போதும். வாளியை மட்டும் அங்கே கொண்டுபோகாதீர்கள்.