அழுகுன அல்லி இலைக்குள்ள நெளியுறது என்ன? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மொட்டை மாடில பெரிய டப்ல அல்லி வச்சிருக்கேன் சார். பழுத்து அழுகுன இலையை பிச்சு பார்த்தா உள்ள வெள்ளையா, நூல் மாதிரி புழு நெளியுது. செடியை தின்னுருமா? ப்ளீச்சிங் பவுடர் போட்டுரலாமா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: ப்ளீச்சிங் பவுடரை முதல்ல தூர வைங்கம்மா, அத போட்டா புழுவோட சேர்ந்து அல்லியும் போயிரும். இந்த புழுவால இலை அழுகல, அழுகுன பிறகுதான் அது உள்ள குடி வந்திருக்கு. அல்லி இலை மஞ்சளாகி தண்ணில சாஞ்சதும் பூஞ்சையும் பாக்டீரியாவும் நடுவுல இருக்க சதையை ஊற வச்சு கரைச்சிரும், ஆனா மேல் தோலும் கீழ் தோலும் சட்டுனு போகாது, அல்லி இலைக்குள்ள காத்து அறை வேற நிறைய இருக்கா, அதனால ரெண்டு தோலுக்கும் நடுவுல மீன் கண்ணுல படாம இருந்து திங்க நல்ல இடம் கெடைச்சிருது. திங்கிறதும் பெரும்பாலும் அந்த பூஞ்சை, பாக்டீரியா, பாசி, மக்கின தூளு இதுகளத்தான். பச்சை இலையை கடிக்கிற அளவுக்கு அதுக்கு வாயே கிடையாது.

நீங்க பார்த்தது பெரும்பாலும் நெய்டிட் வகை, மண்புழுவுக்கு சொந்தம், நிறைய வகை ஒரு சென்டிமீட்டர்கூட வராது. வெள்ளை தட்டுல கொஞ்சம் தண்ணி ஊத்தி அந்த இலையை போட்டு லென்ஸ் வச்சு பாருங்க. வால் நுனி விரிஞ்சு, அதுல குட்டி விரல் மாதிரி செவுள் நீட்டிட்டு இருந்தா அது நெய்டிட்லயே டெரோங்கிற வகை. அழுகுற இடத்துல ஆக்சிஜன் ரொம்ப கம்மி, அதான் தலையை குப்பைக்குள்ள விட்டு வாலை வெளிய நீட்டி மூச்சு விடுது. இலைத்துண்டு எல்லாம் ஒட்டி ஒரு குழாய் கட்டிக்கிட்டு இருந்தா ஆலோஃபோரஸா இருக்கலாம், அதையும் டெரோவோட சேர்த்துதான் இப்ப பலர் வைக்கிறாங்க.

கொஞ்ச நாள்லயே எப்படி இவ்ளோ ஆச்சுன்னு தோணும். இதுங்க ஜோடி தேடி முட்டை போடுறது அபூர்வம், உடம்பு நடுவுலயே புதுசா ஒரு தலையும் வாலும் முளைச்சு அப்புறம் ரெண்டா பிரிஞ்சிரும், சில சமயம் பிரியுறதுக்கு முன்னாடியே ரயில் பெட்டி மாதிரி மூணு நாலு சேர்ந்து தொங்கிட்டு இருக்கும். நம்ம ஊர் வெயிலுக்கு கேக்கவே வேணாம். புழு கூடிப்போச்சுன்னா டப்ல குப்பை கூடிப்போச்சுன்னு அர்த்தம். பழுத்த இலையை காம்போட வெட்டி எடுங்க, உரத்தை குறைங்க, அவ்ளோதான்.

கேள்வி: எங்க தொட்டில சிவப்பா ஒண்ணு 8 போட்டு துள்ளுது. இதுவும் அதே புழுவா? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: இல்லங்க, அது கைரோனமிட் பூச்சியோட லார்வா, மீன் கடைல ப்ளட் வார்ம்னு விக்கிறாங்களே அதான். வளர்ந்தா கொசு மாதிரியே இருக்கும், கடிக்காது. அப்படி துள்ளாம, சேத்துல தலையை புதைச்சு வாலை ஆட்டிட்டு இருந்தா ட்யூபிஃபெக்ஸ் வகை, அதுவும் மண்புழுவுக்கு சொந்தம்தான். வாலு ஓரம் பூரா வரிசையா செவுள் இருந்தா ப்ராங்கியூரா சோவர்பியி. அது ஆசியா பக்கத்து புழுன்னுதான் சொல்றாங்க, ஆனா அதுக்கு பேர் வச்சது லண்டன்ல! ரீஜண்ட்ஸ் பார்க் தோட்டத்துல விக்டோரியா அல்லி வளர்த்த தொட்டி சேத்துல பார்த்துட்டு 1892ல பெடார்ட்ங்கிற விலங்கியல் ஆய்வாளர் எழுதினாரு. செடியோட ஒட்டிக்கிட்டு கப்பல் ஏறிருக்கும் போல. உங்க தொட்டிக்கும் நர்சரி செடி வேர்லயோ குளத்து சேத்துலயோதான் வந்திருக்கும்.

கேள்வி: பையன் இந்த புழு இருக்க அல்லி டப் தண்ணில கை விட்டு விளையாடுறான், புழு உடம்புக்குள்ள போயிருமா? மீனுக்கு ஆகுமா? (வாசகி, தாம்பரம்)

பதில்: மனுஷன் உடம்புல வாழுற புழு இல்ல இது, விளையாடி முடிச்சதும் சோப்பு போட்டு கை கழுவ சொல்லுங்க போதும். கப்பி மீனுக்கு இது நல்ல தீனி. மீன் பண்ணைன்னா கதை வேற, அமெரிக்கால கேட்ஃபிஷ் குளங்கள்ல செவுள் நோய் பரப்புற ஒட்டுண்ணி ஒண்ணு டெரோ டிஜிடேட்டா புழுவுக்குள்ளதான் பாதி வாழ்க்கை ஓட்டுது. வீட்டு டப்புக்கு அந்த பயம் வேணாம். நீங்க பயப்பட வேண்டியது தண்ணி மேல தலைகீழா தொங்குற கொசுப்புழுவுக்கு, டெங்கு பரப்புற கொசு இந்த மாதிரி டப்லதான் முட்டை வைக்கும். கப்பி இல்லன்னா இன்னைக்கே நாலு வாங்கி விடுங்க.