பூட்டிக் கிடந்த பப்பில் நூலகம் நடத்துவது குற்றமா?

கேள்வி: லண்டனில் முதுகலை படிக்கிறேன். பல ஆண்டுகளாக மூடிக் கிடந்த ஒரு பப்பை இடதுசாரி நண்பர்கள் மூன்று வாரங்களுக்கு முன் திறந்து, கூட்டாக நூலகமும் ஞாயிறுதோறும் இலவச உணவும் நடத்துகிறார்கள். நானும் வாரத்தில் இரண்டு இரவுகள் மாடியில் தங்குகிறேன். நேற்று யாரோ கதவில் ஒரு தாளை ஒட்டிச் சென்றிருக்கிறார்கள். எங்களைக் கைது செய்வார்களா?

பதில்: நீங்கள் போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கும் அந்த மாடிதான் என் முதல் கவலை. குடியிருப்புக் கட்டடத்தில் அத்துமீறி நுழைந்து, அதை அறிந்தே அங்கு வசிப்பது 2012 செப்டம்பர் 1 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குற்றம். வணிகக் கட்டடத்துக்கு அது பொருந்தாது என்றாலும், கட்டடத்தின் ஒரு பகுதியையும் கட்டடமாகவே இதைக் குற்றமாக்கிய 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின் 144ஆம் பிரிவு கொள்கிறது. பப்பை நடத்தியவரின் குடும்பம் வாழ்ந்த மாடியில் அடுப்பும் குளியல் தொட்டியும் இன்னும் இருந்தால், அது வசிப்பதற்காக அமைக்கப்பட்ட இடம் என்று வாதிடுவது எளிது. எத்தனை இரவு தங்கினீர்கள் என்பது அங்கு எடுபடாது. தண்டனை பெற்றால் உங்கள் விசாவும் பாதிக்கப்படலாம் என்பதால், இன்றிரவே மாடியை விட்டு இறங்கிவிடுங்கள்.

கீழ்த்தளத்தில் நூலகம் நடத்துவது பெரும்பாலும் உரிமையியல் விவகாரமே. உள்ளே ஒருவர் இருந்து எதிர்ப்பது தெரிந்தும் கதவை உடைத்து நுழைவது 1977ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி குற்றம். உரிமையாளரின் ஆட்களையும் அது கட்டுப்படுத்தும். அதைச் சுட்டும் அறிவிப்பைக் கதவில் ஒட்டுவது வழக்கம் என்றாலும், உள்ளே ஆள் இல்லாதபோது அந்தக் காகிதம் உங்களைக் காக்காது.

நேற்று ஒட்டிய தாள், கட்டடத்தை மீட்க உரிமையாளர் தொடுக்கும் சாதாரண உடைமை வழக்கின் அறிவிப்பாக இருந்தால், விசாரணை நாள் அதிலேயே இருக்கும். இரண்டே நாள் அவகாசமும் இருக்கலாம். அது, வழக்கு முடியும் முன்பே வெளியேறச் சொல்லி நீதிமன்றம் தரும் இடைக்கால உடைமை உத்தரவாக இருந்தால், 24 மணி நேரத்துக்குள் வெளியேறாதது குற்றம், ஓராண்டுக்குள் திரும்பி வருவதும் குற்றம். ஆக்கிரமிப்பை அறிந்த 28 நாட்களுக்குள் உரிமையாளர் அதைக் கோரலாம். உங்கள் மூன்று வாரம் அந்தக் கெடுவுக்குள்தான் வருகிறது.

மின்சாரத்தை விநியோக நிறுவனத்திடம் பதிவு செய்யாமல் பயன்படுத்தாதீர்கள். அது தனிக் குற்றம்.

தென் லண்டனின் பிரிக்ஸ்டனில் ரெயில்டன் சாலை 121ஆம் எண் கட்டடம் 1981 முதல் 1999 வரை இப்படியொரு சமூக மையமாக இயங்கிய பிறகே காலி செய்யப்பட்டது. உங்கள் நூலகமும் நிலைக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். ஆகவே வழக்கு முற்றுவதற்குள், உரிமையாளருக்கே கட்டடம் தேவைப்படும் வரை தற்காலிக அனுமதி தருமாறு அவருக்கு எழுதுங்கள். ஆனால் அந்தத் தாளின் எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து, ஒரு வீட்டுரிமை வழக்கறிஞரிடம் இன்றே காட்டிய பிறகு எழுதுங்கள்.