டெக்சாஸ் வாக்குச்சீட்டில் இரண்டு ‘ஜட்ஜ்’

வணக்கம். சட்டம் படிக்காதவர் எப்படி ‘கவுண்டி ஜட்ஜ்’ (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது) பதவிக்கு நிற்கிறார் என்று கேட்டிருந்தீர்கள். நிற்கலாம். டெக்சாஸின் 1876 அரசமைப்பு, அவர் மாநிலச் சட்டத்தை நன்கு அறிந்தவராக இருந்தால் போதும் என்கிறது. பெரிய கவுண்டிகளில் அவருக்கு வழக்கு விசாரணை குறைவு. பட்ஜெட், சாலை, புயல் வந்தால் ஏற்பாடுகள், இதுதான் வேலை.

சீட்டில் இன்னும் கீழே ‘கவுண்டி கோர்ட் அட் லா நம்பர் 2’ என்பது போல ஒரு வரி இருக்கும். இது வழக்குகளை விசாரிக்கும் நீதிமன்றத்தின் நீதிபதி பதவி. அதைத்தான் கவனமாகப் பாருங்கள். குடித்துவிட்டு வண்டி ஓட்டி முதல்முறை பிடிபட்டால் பெரும்பாலும் அங்கேதான் நிற்க வேண்டும். அந்தப் பதவிக்குப் பொதுவாக 4 ஆண்டாவது வழக்கறிஞராகவோ நீதிபதியாகவோ இருந்திருக்க வேண்டும்.

அப்புறம், 2020 முதல் ஒரே குறியில் ஒரு கட்சியின் எல்லா வேட்பாளர்களுக்கும் வாக்களிக்க முடியாது. தயவுசெய்து கடைசி வரிவரை குறியிடுங்கள்.