ஃபயர் ஃபார்மிங்கில் பித்தளைக் கூடு ஏன் உடைகிறது?

துப்பாக்கியில் தோட்டா அமரும் அறைதான் சேம்பர். புதிய சேம்பரின் வடிவத்துக்குத் தோட்டாவின் பித்தளைக் கூட்டைச் சுட்டு விரியவைக்கும்போது (இதுதான் ஃபயர் ஃபார்மிங்) சில கழுத்தில் கிழிகின்றன, சில அடியில் அறுகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் வேறு வேறு கோளாறு.

குண்டைப் பிடித்திருக்கும் கழுத்திலோ, அதற்குக் கீழே சரியும் தோளிலோ நெடுக்காகக் கிழிந்தால் பித்தளை விறைத்துவிட்டது. 70 சதவீதம் செம்பு, 30 சதவீதம் துத்தநாகம் கொண்ட இந்தக் கலவை துப்பாக்கியில் சுடச் சுட, வடிவம் திருத்தும் அச்சில் அழுத்த அழுத்த இறுகிக்கொண்டே போகும். அனீலிங் செய்தால், அதாவது சூடேற்றி இளக்கினால், சரியாகும். கழுத்தும் தோளும் மட்டுமே சூடேற வேண்டும். அடிப்பகுதி இளகினால் அழுத்தம் தாங்காது, அந்தக் கூட்டைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

அடிக்குச் சற்று மேலே வளையமாக அறுவதுதான் உண்மையில் அபாயம். ஹெட்ஸ்பேஸ், அதாவது சேம்பரைப் பின்னால் மூடும் போல்ட்டுக்கும் கூட்டை முன்னால் தடுத்து நிறுத்தும் இடத்துக்கும் உள்ள தூரம், அதிகமாக இருந்தால் ஃபயரிங் பின் (தோட்டாவின் அடியைக் குத்தும் ஊசி) கூட்டை முன்னால் தள்ளுகிறது. வெடித்ததும் மெல்லிய முன்சுவர் சேம்பரை இறுகப் பிடித்துக்கொள்ள, கனமான அடி மட்டும் பின்னால் போல்ட் வரை நகர்கிறது. இடையிலுள்ள உலோகம் இழுபட்டு மெலிகிறது. வெளியே பளபளப்பான வளையம் தெரியும். கம்பியின் நுனியை வளைத்து உள்சுவரில் மெதுவாக இழுத்துப் பாருங்கள். பள்ளத்தில் தட்டினால் அந்தக் கூட்டை இனித் தொடாதீர்கள், சூடேற்றி அதைக் காப்பாற்ற முடியாது.

இதைத் தவிர்க்க, முதல் முறை சுடும்போதே கூட்டின் அடி போல்ட்டோடு ஒட்டி நிற்க வேண்டும். கழுத்தை முதலில் பெரிதாக்கி, பிறகு ஓரளவு மட்டும் சுருக்கிப் பொய்த்தோள் (கூட்டை முன்னால் நகரவிடாத தற்காலிகத் தோள்) அமையுங்கள். போல்ட் மூடும்போது லேசான இறுக்கம் கையில் உணரப்பட வேண்டும். கூட்டில் எண்ணெய் தடவச் சொல்பவர்களும் உண்டு. நான் பரிந்துரைக்க மாட்டேன், போல்ட்டின் மீது விழும் விசை கூடிவிடும்.