நாய்களுக்கான தடைதாண்டல் பயிற்சி: வடசென்னை வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி (தண்டையார்பேட்டை): எங்கள் மொட்டை மாடி 30 அடி நீளம் கொண்டது. அங்கேயே தடைகளை அமைத்துவிடலாமா?

பதில்: தாண்டும் தடைகளை அங்கே வைக்க வேண்டாம். சிமெண்ட் தளத்தில் குதித்திறங்கும் நாயின் முன்னங்கால்களே அதிர்ச்சி முழுவதையும் வாங்குகின்றன. கூலிங் டைல்ஸ் பதித்த மாடி என்றால் திரும்பும்போது வழுக்கவும் செய்யும். மேலும், பெரிய நாய்க்கு இரண்டு தடைகளுக்கு நடுவில் மட்டுமே 5 மீட்டராவது வேண்டும் என்பதால், ஓடி வரவும் இறங்கி நிற்கவும் 30 அடியில் இடம் மிஞ்சாது. குழாய்களைத் தரையில் கிடத்தி, நிதானமாகக் காலெடுத்து வைத்துக் கடக்கப் பழக்குவதற்கு மாடி போதும். மண் தரை கிடைக்கும்வரை அதுவே நல்ல பாடம்.

கேள்வி (காசிமேடு): தாண்டும் தடையை வீட்டிலேயே செய்ய முடியுமா?

பதில்: முடியும். ஒரு அங்குல பிவிசி குழாய், டி இணைப்புகள், மூடிகள் ஆகியவை போதும். இரும்பு வேண்டாம்; கடற்காற்றில் துருப்பிடித்து விளிம்பு கூராகிவிடும். குறுக்குக் குழாய் 4 அடி நீளம் இருக்கட்டும். அதைத் தாங்குவதற்குக் குழாயைக் கவ்விப் பிடிக்கும் பிளம்பிங் கிளாம்பைப் பொருத்தாமல், பாதியாகப் பிளந்த குழாய்த் துண்டைக் கிண்ணம்போல் பொருத்துங்கள். விரலால் தட்டினால் எந்தப் பக்கமும் குழாய் விழ வேண்டும். காற்று அடிக்கடி தள்ளிவிடுகிறதே என்று நான் ஒருமுறை அதைக் கயிற்றால் கட்டிவைத்தேன்; என் சிப்பிப்பாறை நாய் காலை மாட்டிக்கொண்டு இரண்டு வாரம் நொண்டியது. கனம் சேர்க்க வேண்டியது அடித்தாங்கியில்தான்: அதனுள் மணலை நிரப்பி மூடிவிடுங்கள். நாயின் கண்ணுக்கு நீலமும் மஞ்சளும் நன்றாகத் தெரியும், சிவப்பு புல்லோடு கலந்து மங்கிவிடும். ஆகவே அந்த இரு நிற நாடாக்களையே சுற்றுங்கள். எலும்பு முற்றாத குட்டிக்கு உயரமே வேண்டாம். சர்வதேசப் போட்டிகளிலும் 18 மாதம் நிரம்பாத நாயைச் சேர்ப்பதில்லை.

கேள்வி (மாதவரம்): வளைந்து வளைந்து ஓடுவதற்கான கம்புகளை எவ்வளவு இடைவெளியில் நடுவது?

பதில்: 60 செ.மீ. போட்டிக்கு 12 கம்புகள் என்றாலும் ஆறில் தொடங்குங்கள். முதல் கம்பு நாயின் இடது தோள்பக்கம் வர வேண்டும்.

கேள்வி (எண்ணூர்): குழந்தைகள் விளையாடும் துணிச் சுரங்கம் போதுமா?

பதில்: சிறிய நாய்க்குப் பழக்கம் ஏற்படுத்த மட்டும் போதும், போட்டிச் சுரங்கத்தின் விட்டம் 60 செ.மீ. எதுவானாலும் உருளாதபடி இருபுறமும் மணல் மூட்டை வைத்து அணைகொடுங்கள். மழைக்காலத்தில் இரவு முழுவதும் வெளியே கிடந்த சுரங்கத்தை, முதலில் இருபுறமும் தூக்கி உதறிப் பார்த்த பிறகே நாயைக் கூப்பிடுங்கள். தேளுக்கும் பாம்புக்கும் அதைவிட வசதியான இடம் கிடையாது.