உடைந்த சாவியும் பூட்டிக்கொண்ட ஸ்டீயரிங்கும்: பழைய கார் வைத்திருப்பவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

பழைய கார்களின் இக்னிஷன் பூட்டு, சாவி, ஸ்டீயரிங் லாக் ஆகியவை பற்றி உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்குக் கீழே பதில் எழுதியிருக்கிறேன். உலோகச் சாவியைத் துளையில் செருகித் திருப்பும் வகைக் கார்களுக்கே இவை பொருந்தும். பொத்தானை அழுத்தி ஸ்டார்ட் செய்யும் கார்கள் பலவற்றில் ஸ்டீயரிங்கைப் பூட்டுவது ஒரு சிறிய மின்மோட்டார் என்பதால், அவற்றின் கோளாறுகளும் வேறு, தீர்வுகளும் வேறு.

கேள்வி: காரை நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தால் ஸ்டீயரிங் அசையவில்லை, சாவியும் திரும்பவில்லை. பூட்டு கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. சாவியை வெளியே எடுத்ததும், இக்னிஷன் பூட்டுக்குள் இருக்கும் ஒரு தடித்த உலோக முளை, சுருள்வில்லின் விசையால் ஸ்டீயரிங் தண்டை நோக்கித் தள்ளப்படுகிறது. தண்டைச் சுற்றியுள்ள பள்ளங்களுள் ஒன்று முளைக்கு நேராக வரும்போது அது உள்ளே விழுந்து தண்டைப் பிடித்துக்கொள்கிறது. சாவியைச் செருகித் திருப்பும்போது அதே முளை பின்னால் இழுக்கப்பட வேண்டும். ஆனால் முன்சக்கரங்கள் ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டு நின்றால், டயரின் அந்த முறுக்கு முழுவதும் தண்டின் வழியாக வந்து முளையைப் பள்ளத்தின் சுவரோடு அழுத்திப் பிடிக்கிறது. அப்போது சாவியால் முளையை இழுக்க முடியாது. சாவியில் குறை ஏதும் இல்லை.

ஆகவே வேலை செய்ய வேண்டியது ஸ்டீயரிங்கில்தான். ஒரு கையால் ஸ்டீயரிங்கை இரு பக்கமும் அசைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் கல்லைப் போல் நிற்கும். மறுபக்கம் சிறிதளவு இடம் கொடுக்கும். இடம் கொடுக்கும் பக்கமாகவே ஸ்டீயரிங்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறுகையின் இரண்டு விரல்களால் மட்டும் சாவியை மெல்லத் திருப்புங்கள். முளையின் மேல் இருந்த பாரம் நீங்கும் அந்தக் கணத்தில் சாவி தானாகவே திரும்பிவிடும். சாவியை முழங்கையின் வலுவோடு திருப்புகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் உடைந்த சாவி பற்றி என்னிடம் வரும் கேள்விகளில் மிகப் பல இந்த இடத்தில்தான் பிறக்கின்றன.

கேள்வி: அப்படிச் செய்தும் திரும்பவில்லை. சக்கரம் நடைபாதை விளிம்பில் முட்டிக்கொண்டு நிற்கிறது.

அப்படியானால் டயரின் முறுக்கு கையால் தளர்த்தும் அளவைத் தாண்டியிருக்கிறது. கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, ஒருவர் பிரேக் மிதியருகே உட்கார்ந்திருக்க, வேறொருவர் காரை விளிம்பிலிருந்து சற்றே விலகும்படி தள்ளட்டும். சரிவான இடமென்றால் இதைச் செய்ய வேண்டாம். ஜாக்கி வைத்து முட்டிய பக்கத்து முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கினாலே முறுக்கு கழன்றுவிடும். பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்த பிறகே தூக்குங்கள்.

கேள்வி: ஐயா, சாவி பூட்டுக்குள்ளேயே உடைந்துவிட்டது. கைப்பிடி என்னிடம் இருக்கிறது, மற்ற பாதி உள்ளே. முனை வெளியே தெரியவே இல்லை. எப்படி எடுப்பது?

முதலில் பூட்டு எந்த நிலையில் நிற்கிறது என்று பாருங்கள். கார்ப் பூட்டுகள் பலவற்றில், சுழலும் உருளைக்குள் சுருள்வில் பொருத்திய மெல்லிய தகடுகள் வரிசையாக இருக்கின்றன. சரியான சாவி உள்ளே போனால் எல்லாத் தகடுகளும் உருளையின் விளிம்புக்குள் அடங்கிவிடும், உருளை சுழலும். உருளை சற்றே திரும்பிவிட்டால், வெளிக்கூட்டின் சுவர் தகடுகளை அசைய விடாது; தகடுகள் சாவித் துண்டை விடாது. எனவே, சாவியைச் செருகும் அந்தத் தொடக்க நிலையில் உருளை மிகச் சரியாக நின்றால்தான் துண்டு வெளியே வரும். துளை கொஞ்சம் சாய்ந்து நின்றாலும், மெல்லிய திருப்புளியின் முனையைத் துளையின் வாயில் மட்டும் வைத்து, உள்ளே அழுத்தாமல், உருளையைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவாருங்கள்.

அடுத்து, துளைக்குள் சிறிதளவு உலர்ந்த மசகு, அதாவது கிராஃபைட் தூளோ டெஃப்லான் ஸ்பிரேயோ, செலுத்துங்கள். அதன் பிறகு வேண்டியது, பூட்டுக்காரர்கள் வைத்திருக்கும் கொக்கி முனை கொண்ட மெல்லிய கம்பி. அது கிடைக்காவிட்டால், மரச் சித்திர வேலைக்குப் பயன்படும் மிக மெல்லிய ரம்பத் தகடு உதவும். தகட்டின் பற்கள் உங்களை நோக்கிச் சாய்ந்திருக்கும்படி பிடித்து, சாவியின் வெட்டு விளிம்பை ஒட்டி உள்ளே நுழையுங்கள். பிறகு சாவியின் பக்கமாகச் சற்றுத் திருகி, ஏதேனும் ஒரு வெட்டில் பல் மாட்டியதும் நேராக வெளியே இழுங்கள். ஒரே இழுப்பில் வராது. துண்டு ஒவ்வொரு தகடாகத் தாண்டி வர வேண்டும் என்பதால், சிறிது நகர்ந்ததும் மீண்டும் மாட்டி இழுக்க வேண்டியிருக்கும். முனை வெளியே எட்டிப் பார்த்த பிறகு மூக்குக் குறடால் பிடித்துவிடலாம்.

கேசம் பிடுங்கும் இடுக்கியை மட்டும் துளைக்குள் விடாதீர்கள். அதன் இரு கால்களும் சாவியின் இரு பக்கமும் நுழைய அங்கே இடமில்லை. துண்டை மேலும் உள்ளே தள்ளுவதுதான் நடக்கும்.

கேள்வி: கைப்பிடியின் உடைந்த முனையில் சூப்பர் பசை தடவி, உள்ளே இருக்கும் துண்டோடு ஒட்டி இழுக்கலாம் என்று நண்பர் சொன்னார்.

தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தப் பசை நீரைப் போல் மெல்லியது. உலோக இடுக்குகளுக்குள் தானாகவே ஊர்ந்து செல்லும். சாவித் துண்டையும் தகடுகளையும் உருளையையும் சேர்த்து ஒரே கட்டியாக ஒட்டிவிட்டால், அந்தப் பூட்டைத் துளையிட்டு அகற்றுவதைத் தவிர வழியில்லை.

கேள்வி: எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே சாவியின் தலை உடைந்து கையோடு வந்துவிட்டது. எஞ்சினை எப்படி நிறுத்துவது? ஓட்டிக்கொண்டே வீடு போகலாமா?

உருளை ஆன் நிலையில் இருக்கும்வரை முளை பின்னால் இழுக்கப்பட்டே இருக்கும். ஆகையால் ஸ்டீயரிங் திடீரெனப் பூட்டிக்கொள்ளாது. போக்குவரத்துக்கு இடையூறு இல்லாத இடம்வரை ஓட்டிச் சென்று நிறுத்திக்கொள்ளலாம். அதற்கு மேல் ஓட்டுவதை நான் பரிந்துரைக்கவில்லை. அவசரத்தில் எஞ்சினை அணைக்க முடியாத கார் சாலையில் இருக்கக் கூடாது.

உடைந்த துண்டு முழு ஆழத்தில் இருந்தால் தகடுகள் சரியான இடத்திலேயே நிற்கும். அப்போது துளையின் வாயில் திருப்புளி முனையை வைத்து மென்மையாகத் திருப்பியே எஞ்சினை அணைத்துவிடலாம். அதற்கும் அசையாவிட்டால், கையால் கியர் மாற்றும் காரில் ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, கால் பிரேக்கையும் உறுதியாக மிதித்து, மிக உயர்ந்த கியரில் கிளட்சை மெல்ல விடுங்கள். எஞ்சின் திணறி நின்றுவிடும். ஓடும் எஞ்சினின் பேட்டரி இணைப்பைக் கழற்றாதீர்கள். மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் ஓடுவதால் எஞ்சின் நிற்காமலும் போகலாம். மின்னழுத்தம் எகிறி மின்னணுப் பாகங்கள் எரியவும் கூடும்.

இப்படிக் கிளட்சால் எஞ்சினை நிறுத்தியிருந்தால், அது நின்ற பிறகு பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றுவது அவசியம். இக்னிஷன் இன்னும் ஆன் நிலையில்தான் இருக்கிறது. பேட்டரி வடிந்துபோவதோடு, காண்டாக்ட் பாயிண்ட் வகைப் பழைய எஞ்சின்களில் இக்னிஷன் காயில் சூடேறிப் பழுதாகவும் செய்யும்.

கேள்வி: துண்டை எடுத்துவிட்டேன். இரண்டு பாதிகளையும் ஈயப் பற்று வைத்து ஒட்டிப் பயன்படுத்தலாமா?

கூடாது. அதே இடத்தில் மறுபடியும் உடையும். ஆனால் இரண்டு துண்டுகளையும் பத்திரமாக வைத்திருங்கள். சாவி செய்பவர் அவற்றைப் பொருத்தி வைத்துப் புதிய சாவி வெட்ட முடியும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பல ஆண்டுகள் பயன்பட்ட சாவியின் வெட்டுகள் தேய்ந்திருக்கும். அதைப் பார்த்து வெட்டிய நகலில் அந்தத் தேய்மானமும் நகலாகும். நகலின் நகலில் பிழை இன்னும் கூடும். தகடுகள் முழுதாக அடங்காததால் சாவி தயங்கித் தயங்கித் திரும்பும், நீங்கள் வலு கொடுப்பீர்கள், கைப்பிடியை ஒட்டிய முதல் வெட்டில் விரிசல் விழும். சாவி முதலில் உடைந்ததற்கே இது காரணமாக இருந்திருக்கலாம். பழைய சாவியின் மேலோ, பூட்டின் உடலிலோ, காருடன் வந்த ஏடுகளிலோ சாவிக் குறியீட்டு எண் இருக்கிறதா என்று தேடுங்கள். அந்த எண்ணைக் கொண்டு வெட்டினால், தொழிற்சாலையிலிருந்து வந்த நாளின் அளவுகளோடு சாவி கிடைக்கும்.

கேள்வி: ஸ்டீயரிங்கைப் பலமாக ஒரே வெட்டில் திருப்பினால் லாக் உடைந்துவிடுமாமே? பூட்டே வேண்டாம் என்று எடுத்துவிட்டால் என்ன?

முளை உடையலாம். உடைந்த துண்டு எங்கே போகும் என்பதுதான் என் கவலை. அது பூட்டின் கூட்டுக்குள் தளர்வாகக் கிடந்து, பிறகொரு நாள் வளைவில் திரும்பும்போது தண்டுக்கும் கூட்டுக்கும் நடுவே சிக்கினால், ஓடும் காரில் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். யாராவது அப்படி உடைத்திருந்தால், துண்டு முழுவதும் வெளியே எடுக்கப்பட்டதைக் கண்ணால் பார்க்கும்வரை காரை எடுக்காதீர்கள். ஏர்பேக் உள்ள காரென்றால், ஸ்டீயரிங்கின் அடியில் இருக்கும் சுருள் மின்நாடாவும் முரட்டு வேலையில் அறுந்துபோகக்கூடும்.

பூட்டையே நீக்குவது குறித்து: அமெரிக்காவில் 1970 ஜனவரி 1 முதல், சாவியை எடுத்தால் எஞ்சின் இயங்காமலும், ஸ்டீயரிங்கோ சக்கர ஓட்டமோ தடுக்கப்பட்டும் இருக்க வேண்டும் என்று பாதுகாப்பு விதி வந்தது. திருட்டைத் தடுக்க உருவான இந்த ஏற்பாட்டை வேறு பல நாடுகளும் கட்டாயமாக்கின. எடுத்துவிட்டால் சட்டமும் காப்பீடும் குறுக்கே வரலாம். பழுது பார்த்து வைத்துக்கொள்வதே சரி.

கேள்வி: இக்னிஷன் வயர்களை நேரடியாக இணைத்து ஸ்டார்ட் செய்துவிட்டால்?

எஞ்சின் ஓடும், ஸ்டீயரிங் பூட்டியபடியே இருக்கும். முளையை இழுப்பது மின்சாரம் அல்ல, சாவி திரும்பும் இயக்கம்.

கேள்வி: பூட்டிய ஸ்டீயரிங்கோடு காரைக் கட்டி இழுத்துச் செல்ல முடியுமா?

முன்சக்கரங்கள் தரையில் இருக்கக் கயிறு கட்டி இழுப்பதற்கு எந்த நிலையிலும் இடமில்லை. காரை முழுவதுமாக ஏற்றிச் செல்லும் தட்டை வண்டியே நல்லது. சக்கரங்கள் திரும்பிய நிலையில் பூட்டியிருந்தால், ஏற்றும்போது முன்சக்கரங்களுக்கு அடியில் உருளைத் தட்டுகள் வைக்கச் சொல்லுங்கள். முன்சக்கரங்களைத் தூக்கி இழுப்பது முன்சக்கர இயக்கக் காருக்குப் பொருந்தும். ஆட்டோமேட்டிக் கியர் கொண்ட பின்சக்கர இயக்கக் காரை அப்படி இழுத்தால், எஞ்சின் ஓடாததால் கியர்பாக்ஸின் எண்ணெய்ப் பம்பும் ஓடாது. உள்பாகங்கள் எண்ணெயின்றித் தேய்ந்துவிடும்.

சாவி இருக்கிறது, ஆனால் எஞ்சின் ஓடவில்லை என்று இழுத்துச் செல்பவர்களும் கவனிக்க வேண்டும்: சாவி துளையிலேயே, ஸ்டீயரிங் விடுபட்ட நிலையில் இருக்க வேண்டும். பவர் ஸ்டீயரிங் உதவி இராது. பிரேக்கும் சில மிதிகளுக்குப் பின் மிகவும் கடினமாகிவிடும்.

கேள்வி: என் பிரச்சினை நேர்மாறானது. சாவி வெளியே வர மறுக்கிறது.

ஆட்டோமேட்டிக் காரென்றால் கியர் நெம்புகோல் "பி" (பார்க்) நிலையில் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அரைகுறையாக நின்றாலும் பல கார்கள் சாவியை விடாது. வேறு சில கார்களில் சாவியைச் சற்று உள்ளே அழுத்தினால்தான் கடைசி நிலைக்குத் திரும்பும். இரண்டும் சரியாக இருந்தால், தேய்ந்த தகடு ஒன்று சாவியின் வெட்டில் மாட்டியிருக்கலாம். மசகு இட்டு மெல்ல அசைத்து எடுங்கள், பிறகு அந்தச் சாவியை மறுபடி செருகாதீர்கள்.

கேள்வி: பூட்டுக்கு எந்த எண்ணெய் விடுவது?

எண்ணெயும் கிரீஸும் வேண்டாம். தூசியைப் பிடித்து வைத்துப் பிசினாகும். கிராஃபைட் அல்லது டெஃப்லான், இரண்டில் ஒன்று போதும். முன்பு எண்ணெய் விட்ட பூட்டில் கிராஃபைட் தூளைத் தூவினால் களிம்பாகிவிடும். முதலில் காண்டாக்ட் கிளீனரால் கழுவிக் காய விடுங்கள்.

கேள்வி: பட்டறையில் ஸ்டீயரிங் தண்டையே கூட்டோடு மாற்ற வேண்டும் என்கிறார்கள். உண்மையா?

தண்டின் பள்ளமோ கூடோ சிதைந்திருந்தால் மட்டுமே. மற்றபடி பெரும்பாலான கார்களில் சாவி நுழையும் உருளை, முளையைத் தாங்கும் பூட்டின் உடல், பின்புறத்தில் இருக்கும் மின் சுவிட்ச் ஆகிய மூன்றும் தனித்தனிப் பாகங்கள். சாவி நன்றாகத் திரும்பி மின்சாரம் மட்டும் வரவில்லை என்றால், குறை சுவிட்சில் இருக்கக்கூடும். சாவி திரும்பினால் உருளையை மட்டும் கழற்றுவது எளிது: முதல் நிலைக்குத் திருப்பி, பக்கத்துச் சிறு துளையில் தெரியும் பூட்டூசியை அழுத்தி வெளியே இழுப்பதே பொதுவான முறை. சாவி திரும்பாதபோது அந்த ஊசி துளைக்கு நேராக வராது. அதனால்தான் துளையிட வேண்டிவருகிறது. பூட்டின் உடலைத் தண்டோடு பிணைக்கும் போல்ட்டுகளின் தலை, முறுக்கும்போதே அறுந்து விழும்படி செய்யப்பட்டது. அதையும் உளியால் தட்டித் திருப்பியோ, துளையிட்டோ கழற்ற முடியும். இந்த மூன்றில் எது பழுது என்று பட்டறையில் கேளுங்கள். பதில் சொல்ல முடியாதவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: ஒரே வளையத்தில் வீட்டுச் சாவிகளும் தொங்குகின்றன. பாதிப்பு உண்டா?

உண்டு. தொங்கும் எடை, கார் குலுங்கும் ஒவ்வொரு முறையும் உருளையைத் தேய்க்கிறது. 2014இல் ஜெனரல் மோட்டார்ஸ் சுமார் 26 லட்சம் சிறிய கார்களைத் திரும்ப அழைத்த விவகாரத்தில், தளர்வான இக்னிஷன் சுவிட்ச், கனமான சாவிக்கொத்தின் இழுப்பிலோ குலுக்கலிலோ ஓட்டத்தின் நடுவே நழுவி எஞ்சினை அணைத்தது; ஏர்பேக்குகளும் செயல்படவில்லை. அந்நிறுவனம் ஏற்படுத்திய இழப்பீட்டு நிதியமே 124 உயிரிழப்புகளை ஏற்றுக்கொண்டது. கார்ச் சாவியைத் தனி வளையத்தில் வையுங்கள்.

கேள்வி: சாவியின் பிளாஸ்டிக் தலை நொறுங்கிவிட்டது. புதிய சாவி வெட்டினேன். பூட்டு திரும்புகிறது, ஸ்டீயரிங் விடுபடுகிறது, எஞ்சின் மட்டும் உடனே நின்றுவிடுகிறது.

உங்கள் காரில் இம்மொபிலைசர், அதாவது சாவியில் உள்ள மின்னணுச் சில்லை அடையாளம் காணாவிட்டால் எஞ்சினை ஓட விடாத அமைப்பு, இருக்கிறது. ஐரோப்பாவில் 1998 முதல் புதிய கார்களுக்கு அது கட்டாயம். பழைய தலைக்குள் இருந்த மிகச் சிறிய சில்லைத்தான் கார் தேடுகிறது. நொறுங்கிய துண்டுகளுக்குள்ளும் உடைந்த இடத்தைச் சுற்றியும் அதைத் தேடுங்கள். கிடைத்தால் இக்னிஷன் துளையை ஒட்டிப் பிடித்துக்கொண்டு புதிய சாவியால் ஸ்டார்ட் செய்து பாருங்கள். எஞ்சின் தொடர்ந்து ஓடினால், அந்தச் சில்லையே புதிய சாவியின் தலைக்குள் மாற்றிப் பொருத்தித் தரச் சொல்லலாம். கிடைக்காவிட்டால், புதிய சில்லைக் காரின் கணினியில் பதிவு செய்ய வேண்டும். கார் உங்களுடையது என்பதற்கான ஆவணங்களை அதற்குக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.