டெஸ்டோஸ்டிரோன் ஊசியும் குழந்தை முயற்சியும்

கோபிக்காரருக்கு வணக்கமுங்க. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஊசி போட்டுப் பத்து நாளாகியும் அசதி போகவில்லை, அடுத்த குழந்தைக்கும் முயல்கிறோம் என்று எழுதியிருந்தீர்கள்.

அந்தக் கடைசி விஷயத்தை டாக்டரிடம் சொன்னீர்களா? இந்த ஹார்மோன் வெளியிலிருந்து ஏறினால், விரைகளை வேலை செய்யச் சொல்லும் பிட்யூட்டரி (மூளைக்கு அடியில் இருக்கும் சுரப்பி) அடங்கிவிடும். விந்தணு குறையும், சிலருக்கு அறவே நின்றுபோகும். ஊசியை நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பும், ஆனால் மாதக்கணக்கில் ஆகும். அடுத்த ஊசிக்கு முன்பே ஈரோட்டிலோ கோவையிலோ ஹார்மோன் டாக்டர் ஒருவரைப் பாருங்கள். விரைகளைத் தூண்டிவிடும் எச்.சி.ஜி. ஹார்மோன் ஊசி போன்ற வேறு வழிகள் இருக்கின்றன.

அசதிக்குப் பத்து நாள் போதாதுங்க. தாம்பத்திய ஆசை திரும்பவே 3 முதல் 6 வாரம் ஆகும், தசை வலு தெரிய 3, 4 மாதம். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசியென்றால் முதலில் தெம்பாக இருக்கும், தவணை நெருங்கும்போது இறங்கும். அதற்காக ஜிம்காரர் பேச்சைக் கேட்டு டோஸை ஏற்றிவிடாதீர்கள். ரத்தம் கெட்டியாகும், ஹீமட்டோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) 54 சதவீதத்தைத் தாண்டினால் ஊசியை நிறுத்தத்தான் சொல்வார்கள்.

அப்புறம், ஆரம்பத்தில் டெஸ்டோஸ்டிரோன் அளவுக்கான ரத்தப் பரிசோதனையைக் காலையில், இரண்டு வெவ்வேறு நாட்களில் எடுத்தார்களா? ஒரே ஒரு மாலை நேர ரிப்போர்ட்டை வைத்து ஆரம்பித்திருந்தால், அதையும் கேளுங்கள்.